வெள்ளைக்காரன் வைத்த கையெழுத்து

சிகரெட் பெட்டிக்குள் வரும் கிரிக்கெட்காரர் அட்டைகளை வகுப்பிலேயே அதிகம் வைத்திருந்தவன் நான். யாழ்ப்பாணத்தில், எங்கள் உரும்பிராயில் அது லேசான காரியமில்லை. ஊரே சுருட்டுப் பிடித்தது. சிகரெட் பிடித்தவர்கள் கோட்டுப் போட்ட உத்தியோகத்தர்கள்தான். அவர்கள் பின்னால் நாய்க்குட்டி மாதிரி அலைந்து பொறுக்கியவை அவை. இடைவேளையில் எல்லாரும் அட்டைகளை நான் போட்டு வைத்திருந்த தகரப் பிஸ்கற் பேணியைச் சுற்றித்தான் நிற்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை வகுப்பில் என் பக்கத்து வாங்கில் இருக்கிறவன் ஒரே ஒரு அட்டையோடு வந்தான். அதில் ஆட்டக்காரரின் கையெழுத்து மையில் இருந்தது. ஆஸ்திரேலியாவுக்குப் போகிற வழியில் இங்கிலாந்து அணி கொழும்பில் இறங்கி ஒரு நாள் ஆடியதாம். அங்கே கிளாக்கராக இருந்த அவனுடைய அண்ணன் வாங்கித் தபாலில் அனுப்பினாராம். அன்றோடு என் பேணியை ஈகூட மொய்க்கவில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அது கள்ளக் கையெழுத்தாக இருக்கவேண்டும் என்று கோயிலில் தேங்காய்கூட நேர்ந்தேன்.

"ஒருக்கால் தாடா, பாத்திட்டுத் தாறன்" என்று கெஞ்சி வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அச்சடித்ததோ என்று எச்சில் விரலால் மெல்லத் தொட்டேன், மை ஒட்டியது. சோர்ந்துபோய்த் திருப்பிக் கொடுக்கப் போகையில், படத்தின் உச்சியில், தொப்பிக்கும் மேலே, எறும்பளவில் ஒன்று தெரிந்தது. பிள்ளையார் சுழி! எதை எழுதினாலும் முதலில் 'உ' போட்டுப் பழகிய கை, இங்கேயும் போட்டுவிட்டது.

"டேய், எல்லாரும் வாங்கோடா!" என்று கத்தினேன். "வெள்ளைக்காரன் பிள்ளையார் சுழி போட்டிட்டோ கையெழுத்து வைப்பான்?"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவன் அழுவான் என்று ஆசையோடு காத்திருந்தேன். அவனோ அட்டையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தான்.

"ஓம், அண்ணையின்ரை சுழிதான். கடிதத்திலையும் உப்பிடித்தான் வாலை இழுத்து விடுறவர்" என்றான். பிறகு சொன்னான்: "பாவம், அவரைக் கிட்ட நெருங்க விட்டிருக்க மாட்டாங்கள். நான் ஆசைப்பட்டுக் கேட்டதெண்டு, தானே எழுதி அனுப்பியிருக்கிறார்."

அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே ஒருதரம் தடவிக்கொண்டான்.

பொடியன்கள் மறுபடியும் என் பேணியைச் சூழ்ந்தார்கள். வென்றுவிட்டேன். ஆனால் எரிச்சல் அடங்கவில்லை, இரட்டித்தது. அத்தனை அட்டைகளில் ஒன்றுகூட எனக்கென்று யாரும் அனுப்பியதில்லை. எனக்கும் கொழும்பில் ஒரு அண்ணன் இருந்தார். எனக்காக அவர் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.