ஏலத்துக்குத் திரும்பாத வலை

அந்த வலையைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்துச் சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீல நைலான் வலை. மேல் விளிம்பில் வெள்ளைத் துணிப்பட்டை, அதில் கோணல்மாணலான கைத்தையல். ஒரு ஓரத்தில் கிழிந்த இடத்தைச் சேலைக் கரையால் முடிந்திருக்கும் முடிச்சுகூட அப்படியே இருந்தது. கீழே பித்தளைத் தகட்டில் ‘ஆயரம்மாவின் அன்பு நினைவாக’ என்று பொறித்திருந்தார்கள். அடையாறில் நான் ஞானஸ்நானம் பெற்ற தேவாலயத்தின் வளாகத்தில் புதிதாகக் கட்டிய விளையாட்டரங்கின் வரவேற்பறை அது. உள்ளே மரத்தளம் போட்ட ஷட்டில் கோர்ட், ஜிம், ஏசி. வெளியே கேட்டருகே என் பள்ளிக்கூடத்து த்ரோபால் பிள்ளைகள் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

“டீச்சர், வாட்ச்மேன் உள்ள வுடமாட்டேன்றாரு. மெம்பர் கார்டு கீதான்னு கேக்குறாரு” என்றாள் அணித்தலைவி. அவள் வீடு தேவாலயத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம், ஆற்றோரத்தில். அவர்கள் ஞாயிறுதோறும் பயிற்சி செய்த மைதானத்தின் மேல்தான் இந்த அரங்கம் நிற்கிறது. மிச்சமிருந்த இடத்தில் சிமெண்ட் போட்டுக் கார் நிறுத்துகிறார்கள். மாநகராட்சிப் பள்ளியான எங்களுக்கு மைதானம் என்று ஒன்று கிடையாது. போட்டிகள் வரப்போகின்றன, பந்தை எறிந்து பழக இந்தப் பிள்ளைகளுக்கு ஊரில் ஓர் இடம் இல்லை.

போதகரின் மனைவியை எங்கள் சபையில் ஆயரம்மா என்றுதான் அழைப்போம். எத்தனையோ ஆயரம்மாக்கள் வந்து போனார்கள். ஆனால் நாற்பதைத் தாண்டிய யாரிடமாவது ‘ஆயரம்மா’ என்று சொன்னால் அவர் ஒருவர்தான் நினைவுக்கு வருவார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். அவர் கீர்த்தனை பாட ஆரம்பித்தால் ஆர்கன் வாசிப்பவர் தன் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மற்ற ஆயரம்மாக்கள் வாசலில் நின்று நலம் விசாரிப்பார்கள். இவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்பக்க மைதானத்துக்குப் போய்விடுவார். அங்கே இரண்டு பூவரச மரங்கள் இருந்தன. பின்சுவரில் ஒரு சந்து இருந்தது. ஆற்றோரத்துப் பெண்பிள்ளைகள் அதன் வழியாக உள்ளே வருவார்கள். கரையோரத்து வெட்டவெளியெல்லாம் பையன்களின் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டதால் அவர்களுக்கு ஓடியாட வேறு இடம் இல்லை. நானும் என் வயதுச் சபைப் பெண்களும் அவர்களோடு சேர்ந்துகொள்வோம். மரங்களுக்கு நடுவே ஒரு சேலையைக் கட்டி, அதற்கு மேலே பந்தை எறிவோம். பந்து சேலையில் பட்டதா, தாண்டியதா என்று ஒவ்வொரு முறையும் சண்டை வரும். ஆயரம்மாதான் எல்லோரையும்விட அதிகமாகச் சண்டை போடுவார், கள்ளாட்டமும் ஆடுவார்.

ஒரு வலையும் நல்ல பந்து ஒன்றும் வாங்கித் தரும்படி அவர் சபைக் குழுவிடம் கேட்டார். அன்றைய செயலர் எழுந்து, “இது தேவனுடைய வீடும்மா, கிளப் இல்ல. காணிக்கைப் பணத்துல பந்து வாங்கினா நாளைக்கு அவருக்கு என்ன பதில் சொல்றது? ஏழைகளுக்குக் கொடுக்கணும், ஊழியத்துக்குக் கொடுக்கணும்” என்றாராம். அதே செயலர்தான் அந்த வருஷம் பலிபீடத்தைச் சுற்றிப் பளிங்கு பதித்தவர். வாசலில் தன் தகப்பனார் பெயரோடு வளைவு கட்டியவரும் அவரேதான். கல்லுக்குச் செலவழித்தபோது ஏழைகள் யாருடைய நினைவுக்கும் வரவில்லை. சுவருக்குப் பின்னால் இருந்த ஏழைப் பிள்ளைகள் பந்து கேட்டபோதுதான் ஏழைகள் மேல் அத்தனை அக்கறை பொத்துக்கொண்டு வந்தது. “ஆண்டவரு கையும் காலும் தந்தது முட்டி போடுததுக்கு மட்டுமா, ஏட்டி?” என்று ஆயரம்மா எங்களிடம் கேட்டார். அதற்குப் பிறகு குழுவிடம் அவர் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை என்றால் ஏலம்தான். வயல் இல்லாத பட்டணத்திலும் அவரவர் கையால் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். கேக், ஊறுகாய், தொட்டியில் காய்த்த கத்திரிக்காய், தைத்த பாவாடை எல்லாம் வரும். ஆராதனைக்குப் பிறகு ஒவ்வொன்றாக ஏலம் போடுவார்கள். ஒரு பூசணிக்காயை ஏலத்தில் எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் கஞ்சன் என்று பேர் வாங்குவார். “திரும்ப ஏலத்துக்கு” என்று பெருந்தன்மையாகச் சொல்லி மேடைக்கே திருப்பித் தர வேண்டும். ஒரே பூசணிக்காய் பத்துக் கை மாறி, சாயங்காலம் யார் வீட்டுக்கும் போகாமல் மேடையிலேயே உட்கார்ந்திருக்கும். அந்த வருஷம் பட்டினப்பாக்கத்திலிருந்து வரும் மீனவக் குடும்பம் ஒன்று, பின்னி முடித்த புது வலையில் ஒரு துண்டைக் கொண்டுவந்து படைத்தது. கூட்டத்தில் சிரிப்பு. மீன் பிடிக்கவா போகிறோம் என்று யாரோ கேட்டார்கள். ஆயரம்மா கையைத் தூக்கினார். போதகர் மனைவி ஏலம் கேட்பது வழக்கமில்லை என்பதால் எதிர்த்துக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். செயலர் சிரித்துக்கொண்டே வலையைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். ஆயரம்மா அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “இது என் வீட்டுக்குல்லா” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மறுவாரம் அந்த வலை பூவரச மரங்களுக்கு நடுவே கட்டப்பட்டிருந்தது. மேல் விளிம்பின் வெள்ளைப் பட்டை, போதகரின் நைந்துபோன அங்கியிலிருந்து கிழித்தது. அங்கியைக் கிழித்தது தெரியவந்தபோது குழுவில் பெரிய ரகளை. போதகர் சாதுவான மனிதர். “அது கிழிஞ்சதுக்கப்புறம்தான் அவ கிழிச்சா” என்று மட்டும் சொன்னார். அந்த வலைக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் ஆற்றோரத்துப் பிள்ளைகளும் எறிந்து பிடித்த பந்துதான் என்னைப் பிற்பாடு விளையாட்டு ஆசிரியை ஆக்கியது. போதகருக்கு மாற்றல் வந்தபோது ஆயரம்மா வலையை அவிழ்க்காமல் விட்டுப் போனார். மறுபடி அவரை நான் பார்க்கவில்லை. ஊரில் காலமாகிவிட்டார் என்று வெகுகாலம் கழித்துத் தெரிந்தது.

இப்போதைய செயலர் படித்தவர், இனிமையாகப் பேசுகிறவர். அரங்கம் கட்டியதற்கு அவரை நான் குறை சொல்லவில்லை. சபை விளையாட்டுக்குச் செலவழிக்கலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாகச் செலவழிக்கலாம் என்றுதான் இன்றும் சொல்வேன். பிள்ளைகள் சிரித்து விளையாடும் சத்தம் ஆராதனைக்கு இழுக்கு என்று நினைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. ஆனால் என் பிள்ளைகளை வாரத்தில் ஒரு நாள் உள்ளே விடும்படி கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. “நம்ம பிள்ளைங்களுக்குன்னு கட்டினது மேடம். வெளியிலேருந்து யார் யாரோ வந்தா மெயின்டெய்ன் பண்ண முடியாது. வேணும்னா கிறிஸ்மஸுக்கு அவங்களுக்கு ஒரு ஃபன் டே வெச்சிடலாம்.” நம்ம பிள்ளைங்க! அன்றைக்குப் பந்து பாவமாக இருந்தது. இன்றைக்குப் பந்து ஊழியமாகிவிட்டது. இரண்டு காலத்திலும் சுவருக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கதவு மட்டும் திறக்கவில்லை. பின்சுவரில் இருந்த சந்து வழியையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அதைத் திறந்து வைத்திருந்தவரின் வலையைத்தான் அழகுக்கு மாட்டியிருக்கிறார்கள். வெட்கம் என்று ஒன்று வேண்டாமா?

இந்த வருஷ அறுப்பின் பண்டிகையில், அரங்கத்துக்கு நீச்சல்குளம் சேர்ப்பதற்காக, வலை இருந்த அந்தக் கண்ணாடிச் சட்டத்தையும் ஏலத்தில் வைத்தார்கள். எடுப்பவர் பெயரைத் தகட்டில் சேர்த்துப் பொறித்து, சட்டத்தைப் பழைய இடத்திலேயே மாட்டுவதாகத் திட்டம். எடுத்தவர் திருப்பித் தருவார் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. பண்டிகையன்று கேட்டைத் திறந்து போட்டிருப்பார்கள், பிரியாணிக் கடைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். என் பிள்ளைகளையும் வரச் சொல்லியிருந்தேன். நான் ஏலம் கேட்டேன். எதிர்த்துக் கேட்டவர்கள் அலுத்துப்போகும் வரை கேட்டேன். எவ்வளவுக்கு எடுத்தேன் என்பதை என் கணவருக்கே இன்னும் சொல்லவில்லை.

மூன்று தரம் முடிந்தது. செயலர் சிரித்த முகமாக மைக்கில், “திரும்ப ஏலத்துக்குத் தர்றாங்க…” என்று ஆரம்பித்தார்.

“தரல. ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தா குடுங்க” என்றேன்.

அவர் தரவில்லை, மைக்செட்காரர் தந்தார். சட்டத்தின் முதுகைக் கழற்றி, கண்ணாடியையும் தகட்டையும் மேடையிலேயே வைத்துவிட்டு வலையை மட்டும் எடுத்துக்கொண்டேன். பூவரச மரங்கள் இரண்டும் இன்னும் இருக்கின்றன, கார் நிறுத்தத்தின் வாசலில் ஆளுக்கொரு பக்கமாக. பிள்ளைகள் மளமளவென்று வலையைக் கட்டிவிட்டார்கள். நைலான் கொஞ்சம் வெளுத்திருந்தது, போதகரின் அங்கித் துணி மஞ்சளேறியிருந்தது. முதல் பந்து வலையைத் தாண்டி மறுபக்கம் விழுந்தபோது, “பட்டுச்சு டீச்சர்!” “படலடி!” என்று பழைய சண்டை அப்படியே தொடங்கியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சாப்பாடு முடித்து வந்தவர்கள் கார்களைக் கிளப்பினார்கள். வலை வழியை மறித்திருந்தது. செயலர் வந்து, “மேடம், கொஞ்சம் அவுத்துட்டீங்கன்னா எல்லாரும் கிளம்பிடுவோம்” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அணித்தலைவி பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

“இன்னும் ஒரு செட்டு கீது சார். அப்பிடி ஓரமா குந்திக்கினு பாருங்க, முடிச்சிடுறோம்.”

அவர் உட்காரவில்லை. ஆனால் காரின் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை அங்கேயே நின்றார்.