மாமாவின் கட்டில்

முகையூரில் எங்கள் வீட்டில் இருந்ததே இரண்டு அறைகள். அதில் ஒன்றைத் தன் தம்பிக்கென்று பூட்டி வைத்திருந்தாள் அம்மா. குருப்பட்டம் வாங்கிய கையோடு அஸ்ஸாம் பக்கத்து மலைகளுக்கு வேதம் போதிக்கப் போய்விட்டவர் என் மாமா. வயதாகி ஓய்வு கொடுத்ததும் ஊரோடு வந்துவிடுவார், அப்போது படுக்க இடம் வேண்டாமா என்பாள். ஆளில்லாத கட்டில் அங்கே ஜம்மென்று கிடக்க, நாங்கள் அத்தனை பேரும் மற்ற அறையில் உருண்டோம். எனக்கு வயிறு எரியும்.

மாமாவை அந்த மலைப்பக்கத்துக்கே ஆயராக்கிவிட்டார்கள், இனி அவர் பிஷப் என்று போன் வந்த அன்று தெருவே அமர்க்களப்பட்டது. அப்பா வெடி வாங்க ஓடினார். அம்மா மட்டும் அடுப்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று நானே முடிவுகட்டி, லட்டு ஊட்டப் போய் முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

ஆயர் அபிஷேகம் அங்கே முடிந்து மாமா ஊருக்கு வந்தார். விழுப்புரம் ஸ்டேஷனிலேயே மாலையும் பேண்டு வாத்தியமும். கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஊரே வரிசையில் நின்று அவருடைய ஆயர் மோதிரத்தில் உதடு வைத்து முத்தி செய்தது. அம்மாவின் முறை வந்தது. முழந்தாளிட்டவள், முத்தி செய்யாமல் மோதிரத்தைத் திருகித் திருகிப் பார்த்தாள். பங்கு சாமியாருக்கு உதறல் எடுத்துவிட்டது. பட்டம் வாங்கிய நாளிலிருந்து தம்பியை ‘சாமி’ என்றே கூப்பிட்டு வந்தவள் அன்று கேட்டாள்:

“இத்த எப்பத்தான் கழட்டுவ தம்பி?”

மாமா சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

“கழட்டக் கூடாதுக்கா. கல்யாண மோதிரம் மாதிரி இது. அந்த ஜனங்களோட இருந்துக்கினு, அங்கியே அடங்கிட வேண்டியதுதான்.”

“அப்ப அந்த ரூமு?”

மாமா குனிந்துகொண்டார். அம்மா மோதிரத்தில் வாயை வைத்தாள். வைத்தவள் தலையைத் தூக்கவே இல்லை. பின்னால் இருந்தவர்கள் “ஜல்தியா நவுருக்கா” என்று முனக ஆரம்பித்தார்கள். மதியம் சாமியார் பங்களாவில் பிரியாணி விருந்து. அம்மா தம்பிக்காகக் கிண்டி வைத்திருந்த கேப்பைக் களி வீட்டில் ஆறிக் கிடந்தது.

மாமா இப்போது அந்த மலையூரில், தன் பேராலயத் தரைக்கு அடியில் இருக்கிறார். அடக்கத்தை நானும் அம்மாவும் போனில்தான் பார்த்தோம். இன்றைக்கும் விழுப்புரத்தில் வடக்கேயிருந்து வரும் ரயில் நின்றால் என் கண் ஒவ்வொரு பெட்டியாகத் தேடுகிறது. அம்மாவின் ஏக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆனால் அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? மாமா ரயிலேறிய மறுநாளே அம்மா அறையைத் திறந்துவிட்டு, “நீயே படுத்துக்கினு படி, போ” என்றாள். ஐயோ, தலைகால் புரியவில்லை எனக்கு. மாலை ஜெபத்தில், மாமாவை ஆயராக்கியதற்காகக் கடவுளுக்குச் சத்தம் போட்டு நன்றி சொன்னேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அம்மா சொல்லவில்லை. ஜெபமாலையைப் பிடித்தபடியே தூங்கிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.