முள் இறங்கிய மத்தியானம்

கார் வாங்கியதிலிருந்தே அதன் வெப்பநிலை முள் அடியோடு அடியாகக் கிடந்தது. எஞ்சின் குளுகுளுவென்று ஓடுகிறது என்று எனக்குப் பெருமை. ஒரகடம் தொழிற்சாலையில் என்னோடு ஒரே லைனில் நின்ற மூன்று பெண்களும், ஊர் விட்டு வந்து நாங்கள் தங்கியிருந்த படப்பையிலிருந்து அந்தப் பழைய காரில்தான் வேலைக்கு வந்தார்கள். பெட்ரோலைப் பங்கு போட்டுக்கொள்வோம். வண்டி பெட்ரோலை அளவுக்கு மீறிக் குடிக்கவே மெக்கானிக்கிடம் விட்டேன். எஞ்சினுக்குத் தண்ணீரைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே சிக்கிக் கிடக்கிறது என்று சொல்லிப் புதிது மாட்டினார்.

மறுநாள் முள் பாதி வரைக்கும் ஏறி நின்றது. பதறிப்போய் அவரை போனில் கூப்பிட்டேன்.

"அண்ணே, வண்டி கொதிக்கி. என்னத்த மாட்டுனீங்க?"

"கொதிக்கலமா. இத்தினி நாளா எஞ்சின் சூடே ஏறாம ஓடிக்கினு இருந்துச்சு. இப்பதான் கரெக்டா கீது. நடுவுல நின்னா வுட்டுடு. டிராஃபிக்ல கொஞ்சம் ஏறும், ஃபேன் ஓடுனா எறங்கிடும்."

கேட்டுக்கொண்டேன். நம்பவில்லை.

கத்திரி வெயில் நாள் அது. முதல் ஷிஃப்ட் முடிந்து வருகிறோம். கூட்டு ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நகர முடியாமல் நின்றபோது முள் பாதியைத் தாண்டி மயிரிழை ஏறியது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் ஃபேன் ஓடி இறங்கியிருக்கும். நான் பயந்து வண்டியை ஓரம் கட்டினேன். கட்டிய இடம் ஷேர் ஆட்டோ ஸ்டாண்ட்.

அங்கே ஆட்டோக்காரர் ஒருவர் ஏற்கெனவே என்னை மிரட்டியிருந்தார். எங்கள் காரால் அவர்கள் சவாரி போகிறதாம். இப்போது கையில் இரும்புக் கம்பியோடு வந்தார்.

"சொந்த வண்டி ஒயிட் போர்டு வச்சிக்கினு சவாரி அடிக்கிறியா? எறங்குடி கீய!"

"நாங்க ஒண்ணா வேல பாக்கவங்கண்ணே, சவாரி இல்ல."

சாவிக்காக ஜன்னலுக்குள் கையை விட்டவர், அது கிடைக்காமல் என் முடியைப் பிடித்து இழுத்தார். தலை ஜன்னல் சட்டத்தில் மோதியது. புருவத்தில் ரத்தம். பின் சீட்டிலிருந்த சின்னவள், எங்களில் வாயே திறக்காதவள், எட்டிப் பாய்ந்து அவர் மணிக்கட்டைக் கடித்தாள். அவர் கத்திக்கொண்டு கையை உருவினார். அடுத்து கம்பியால் விட்ட அடியில் முன் கண்ணாடி சிலந்தி வலையாக விரிந்தது. இன்னும் இரண்டு பேர் கூரையை அறைந்தார்கள். அவர் வண்டிக்கு முன்னால் போய், கம்பியை கிரில்லுக்குள் விட்டு ரேடியேட்டரில் ஓங்கிக் குத்தினார்.

சீறிக்கொண்டு ஆவி கிளம்பியது. பச்சை நிறக் கூலன்ட் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க அவர் கையிலும் கழுத்திலும் அடித்தது. அவர் அலறியது மனிதக் குரலாகவே இல்லை. மற்றவர்கள் அவரை இழுத்துப் போன அந்த நொடியில் நான் வண்டியைக் கிளப்பினேன்.

முள் மேலே சிவப்புக் கோட்டைத் தொட்டது. நிறுத்த எங்களுக்குத் தைரியமில்லை. கொஞ்ச தூரத்தில் அது மளமளவென்று இறங்கி அடியில் போய்ப் படுத்தது.

"எக்கா, எறங்கிட்டு! குளுந்துட்டு!" என்று ஒருத்தி அழுகையோடு சிரித்தாள். நானும் நம்பி இன்னும் மிதித்தேன். படப்பைக்குச் சற்று முன்னால், எலும்பை அரைப்பது போல ஒரு சத்தம். வண்டி ஒரே உலுக்கலாக நின்றுவிட்டது.

மெக்கானிக் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "அந்த முள்ளு தண்ணியோட சூட்டத்தான்மா காட்டும். தண்ணியே இல்லைன்னா எத்த காட்டும்? பயப்பட வேணாங்கிறப்ப நிறுத்துன. பயப்படணும்ங்கிறப்ப ஓட்டிட்ட."

புகார் கொடுத்தேன். போலீஸ் ஸ்டேஷனுக்கு அந்த ஆட்டோக்காரர் கட்டுப் போட்ட கையோடு மனைவியுடன் வந்தார். அந்த அம்மா நேராக என்னிடம் பாய்ந்தாள்.

"நீயும் பொம்பளதான? என் வூட்டுக்காரர் கைய இப்டி வேக வச்சிட்டியே!"

"நான் ஊத்தலக்கா. அவரு கம்பியால குத்துனாரு, கொதிதண்ணி வந்துட்டு. எம் முடியப் புடிச்சு இழுத்தாரே, அதையும் கேளுங்க."

அவள் என் புருவத்துத் தையலைப் பார்த்தாள். பிறகு புருஷனிடம் திரும்பினாள். "பொம்பள மேல கைய வச்சியா? அதெ ஏன் வூட்ல சொல்லல?"

அவள் அவர் கன்னத்தில் விட்ட அறை ஸ்டேஷன் முழுக்கக் கேட்டது. இன்னொன்று விட்டாள். யாரும் தடுக்கவில்லை. எனக்கு அந்தச் சத்தம் இனித்தது.

சமாதானமாகப் போகச் சொன்னார்கள் போலீஸார். நான் சம்மதிக்கவில்லை. கேஸ் நடக்கிறது. செகண்ட் ஹேண்ட் எஞ்சின் ஒன்றைப் போட்டு அதே காரை அதே ரோட்டில்தான் ஓட்டுகிறேன். ஸ்டாண்டில் யாரும் கிட்டே வருவதில்லை, முறைப்பதோடு சரி.

என்னோடு இப்போது இரண்டு பேர்தான் வருகிறார்கள். போலீஸ், ஸ்டேஷன் என்று கேள்விப்பட்டதும் சின்னவளின் அப்பா விளாத்திகுளத்திலிருந்து வந்து அவளைக் கூட்டிப் போய்விட்டார். பஸ் ஏறும்போது, "நா அங்க இருக்க மாட்டேன்க்கா, திரும்ப வந்துருவேன், பாருங்க" என்றாள். இன்னும் வரவில்லை.