ஆள்மாறிய தீர்க்கதரிசனம்

தர்மபுரத்து விமலேஸ்வரிக்குக் கோபம் வருவது ஒன்றும் புதினமில்லை. பரந்தன் அரிசி ஆலையில் அவளோடு நெல் அவிக்கும் பெண்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் சபைக்குள் அவள் குரல் உயர்ந்ததை அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஒருவரும் கேட்டதில்லை.

சபை என்றால் அவளுக்கு உயிர். யுத்தத்தின் கடைசி மாதங்களில், பொக்கணையில், ஒன்பது வயது மகன் குகதாசனைச் செல் வீச்சுக்குப் பறிகொடுத்தவள் அவள். முகாம் கூடாரத்துக்குள் சுருண்டு கிடந்தவளிடம் ஆண்டியப்பன் என்றொரு பாஸ்டர் வந்தார். எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பத்தவர். மனிதர் வேதப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பக்கத்தில் இருந்து அழுதார். மூன்று நாள் வந்து அழுதுவிட்டுப் போனார். நாலாம் நாள் அவளாகத்தான் கேட்டாள், உங்கட கடவுள் ஆர் என்று.

ஊர் திரும்பியதும் தகரக் கொட்டிலில் சபை தொடங்கியது. கூட்டியதும் பாய் விரித்ததும் விமலேஸ்வரிதான். அந்நிய பாஷையில் ஜெபிப்பாள், நாட்கணக்கில் உபவாசம் இருப்பாள், நோயாளியின் தலையில் கை வைத்தால் இலேசில் எடுக்கமாட்டாள். ஆவியின் வரங்களை நம்பாதவள் என்று அவளைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது.

ஆண்டியப்பன் காலமானபின் புதுப் பாஸ்டராகப் பிரதாபன் வந்தார். பரந்தனில் பிறந்து வளர்ந்த பிள்ளை, மேடையில் ஏறினால் மட்டும் சென்னைத் தொலைக்காட்சிப் பிரசங்கிமாரின் தமிழ்தான் பேசும். தகரக் கொட்டில் மண்டபமானது. சுவருக்குக் கறுப்பு மை பூசி, கலர் லைட் பூட்டி, புகை விடும் மெஷினும் வாங்கினார்கள். அலுமாரி உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள் வந்தன. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு முன்வரிசையில் வெள்ளைத் துணி போட்ட கதிரைகள். பேஸ்புக் நேரலையில் முகம் எடுப்பாகத் தெரியவேண்டுமாம் என்று வயதான பெண்களைப் பின்னுக்கு அனுப்பினார்கள். கர்த்தரிடம் வருகிறோமா, கமராவிடம் வருகிறோமா என்று தனக்குள் பொருமினாள். பொருமியும் சபையைவிட்டு விலகவில்லை. கட்டிய வீட்டை விட்டு எங்கே போவது?

பத்மாசனியின் விஷயத்தில்தான் அந்தப் பொறுமை உடைந்தது. பத்மாசனி பக்கத்து வளவுக்காரி. யுத்தம் முடிந்தபோது அவளுடைய மகன் சுகிர்தனுக்குப் பதினேழு வயது. வட்டுவாகலில் ஆமிக்காரரின் பஸ்ஸில் அவன் ஏறியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள், இறங்கியதைக் கண்டவர் ஒருவரும் இல்லை. இந்தப் பதினாறு வருடத்தில் ‘உன்ர பிள்ளை இருக்கிறான்’ என்று சொல்லிக்கொண்டு அந்த வீட்டுப் படலையைத் திறந்தவர்கள் எத்தனை பேர்! சாத்திரக்காரர் வந்தார்கள். தடுப்பு முகாமுக்குள்ளே கண்டேன் என்றவர்கள் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவள் சோறு தண்ணீர் இல்லாமல் வாசலிலேயே கிடப்பாள். வாரக்கணக்கில் அவளைத் தூக்கி இருத்திக் கஞ்சி பருக்கியது விமலேஸ்வரியின் கைதான். இந்த வருடம்தான் மனிசி படுத்தால் நித்திரை கொள்ளும் அளவுக்கு வந்திருந்தாள். ஒரு நாள் தானாகவே கேட்டாள், நானும் உங்கட சபைக்கு வரட்டோ அக்கா என்று.

“வா பத்மா. அங்க வந்து ஆசைதீர அழு. ஒருத்தரும் உனக்குப் பொய் சொல்ல மாட்டினம். அதுக்கு நான் பொறுப்பு” என்றாள் விமலேஸ்வரி.

பத்மாசனி வந்த மூன்றாவது ஞாயிறு, கடல் கடந்து ஒரு தீர்க்கதரிசி வந்திருந்தார். வாசலில் ஆளுக்கொரு துண்டுக் கடதாசி கொடுத்தார்கள். கதிரை இலக்கமும் ஜெபக் குறிப்பும் எழுதவேண்டும். உங்கள் பெயர் வேண்டாம், அதைக் கர்த்தர் அறிவார் என்று பிரதாபன் மைக்கில் சொன்னபோது, இது நல்ல ஒழுங்குதான் என்று விமலேஸ்வரியே நினைத்தாள். எழுத்து வாசனை இல்லாத பத்மாசனிக்கு அவளே எழுதிக் கொடுத்தாள். நாற்பத்திரண்டாம் கதிரை. மகன் சுகிர்தன், பதினேழு வயது. வட்டுவாகலில் பஸ் ஏறியவன். தாய்க்குச் சமாதானம் வேண்டும்.

பாட்டுத் தொடங்கியதும் ஸ்பீக்கர் பெட்டி நெஞ்சில் இடித்தது. பத்மாசனிக்குச் செல் வெடித்த சத்தத்தில் பழுதுபட்ட காது. பெட்டிக்குப் பக்கத்துக் கதிரையில் அவளால் இருக்க முடியவில்லை. விமலேஸ்வரி எழும்பி இடம் மாற்றிக்கொடுத்தாள். அவ்வளவுதான் நடந்தது.

தீர்க்கதரிசி கண்ணை மூடினார், உடம்பை உதறினார், பிறகு விரலை நீட்டினார். நாற்பத்திரண்டாம் கதிரையில் இருந்த விமலேஸ்வரியை நோக்கி.

“அம்மா, எழுந்திருங்க. உங்க மகன் சுகிர்தன், பதினேழு வயசு, வட்டுவாகல்ல பஸ் ஏறினான். கர்த்தர் சொல்றார், அவன் உயிரோட இருக்கான். தொண்ணூறு நாளைக்குள்ள உங்க வாசல்ல வந்து நிப்பான்.”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. தான் எழுதிய வசனங்கள், எழுதிய ஒழுங்கிலேயே வருவதைக் கேட்ட விமலேஸ்வரிக்கு உள்ளங்கால் தொடங்கி உச்சிவரை கொதித்தது. சமாதானம் வேண்டும் என்ற கடைசி வரியை மட்டும் ஆள் வாசிக்காமல் விட்டுவிட்டார். ஒருவர் ஓடி வந்து மைக்கை அவளுடைய வாய்க்குக் கிட்டப் பிடித்தார். விசுவாசிக்கிறீர்களா என்று மேடையிலிருந்து கேள்வி வந்தது.

“என்ர மகன்ர பேர் குகதாசன். ஒன்பது வயசு. பொக்கணையில நான்தான் கிடங்கு வெட்டி, என்ர கையால தாட்டனான். நீங்கள் வாசிச்சது நான் எழுதிக் குடுத்த துண்டு.”

மைக்கை நிறுத்திவிட்டார்கள். கீபோர்டும் ட்ரம்ஸும் ஒன்றாக எழும்பின, புகையும் வந்தது. விமலேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். பத்மாசனி நிலத்தில் முழந்தாளிட்டு, இரண்டு கையையும் உயர்த்தி, மகனுடைய பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள்.

வழி நெடுகப் பத்மாசனி முன்னால் நடந்தாள். படலையடியில் நின்று திரும்பினாள்.

“உங்களுக்கு ஒரு கிடங்காவது இருக்குதக்கா. எனக்கு என்ன இருக்கு? ஏன் அதைச் சொன்னனீங்கள்?”

விமலேஸ்வரி தன் வளவுக்குள் போனாள். வாக்குக் கொடுத்தவள் அவள், கூட்டிக்கொண்டு போனவளும் அவள். அந்தத் துண்டை எழுதிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அன்று முழுக்க அலைந்தாள்.

திங்கட்கிழமை பிரதாபன் இரண்டு சபை மூப்பர்களோடு அவள் வீட்டுக்கு வந்து கதிரையில் அமர்ந்தார். சத்துருவாகிய சாத்தான் அவளைப் பயன்படுத்திவிட்டானாம். நேரலையில் சபையின் பெயர் கெட்டுப்போயிற்றாம். வருகிற ஞாயிறு மேடையில் மன்னிப்புக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடுமாம். தீர்க்கதரிசனத்தில் பிழையில்லை, கதிரை மட்டும்தான் மாறிப்போயிற்று என்று விளக்கம் வேறு. விமலேஸ்வரி தேத்தண்ணீர் கொடுக்கக்கூட எழும்பவில்லை.

“கதிரை இலக்கம் பார்த்து ஆளைப் பிடிக்கிற கர்த்தரை எனக்குத் தெரியாது, பாஸ்டர்” என்றாள்.

அவர்கள் போனதும், இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று முடிவெடுத்தாள். வீட்டில் இருந்து ஜெபித்தால் கர்த்தருக்குக் கேளாதா?

புதன்கிழமை பின்னேரம் பத்மாசனி வேலியைத் தாண்டி வந்தாள். கோபம் இருந்த சுவடே முகத்தில் இல்லை. கிளிநொச்சிக் கடையொன்றின் பையைத் திறந்து இரண்டு ஆம்பிளைச் சேட்டுகளை எடுத்து விரித்தாள். ஒன்று சின்னது, மற்றது நல்ல பெரியது.

“அவனுக்கு இப்ப முப்பத்து மூண்டு வயசாகுது. எது அளவாயிருக்கும், அக்கா?”

விமலேஸ்வரிக்கு அந்தத் தீர்க்கதரிசியின் மூஞ்சியிலேயே அறையவேண்டும் போலிருந்தது. ஆள் இந்நேரம் விமானம் ஏறி, வேறோர் ஊரில் வேறொரு தாயின் துண்டைப் படித்துக்கொண்டிருப்பார். தெரியாது பத்மா என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் உண்மையும் அவளிடம் இல்லை. பத்மாசனி இரண்டையும் மடித்து, பெரியதை மேலே வைத்துக் கொண்டுபோனாள்.

ஞாயிறு காலை விமலேஸ்வரி வெள்ளைச் சேலை உடுத்தி, பத்மாசனியைக் கூட்டிக்கொண்டு சபைக்குப் போனாள். பத்மாசனி உள்ளே போகும்வரை பார்த்து நின்றாள். வாசலில் நின்ற பிரதாபன் முகம் மலர்ந்து, கர்த்தருக்கு ஸ்தோத்திரம், மன்னிப்புக் கேட்க மனம் வந்ததே என்றார்.

“மன்னிப்புக்கு வரேல்லை. இண்டைக்கு ஏழாம் நாள். தொண்ணூறாம் நாள் வரைக்கும் ஒரு ஞாயிறு விடாமல் வருவன். தொண்ணூற்றோராம் நாள் விடிய நீங்கள் என்னோட வந்து, பிள்ளைக்குக் காத்துக் கிடக்கிற அவளின்ர வாசல்ல அவளோட இருக்கோணும். நீங்கள் வராட்டில் நான் வந்து கூட்டிக்கொண்டு போவன், பாஸ்டர்.”

பிரதாபன் கைப்பேசியை எடுத்து எதையோ பார்க்கத் தொடங்கினார். விமலேஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பத்மாசனிக்குப் பக்கத்தில் அமர்ந்தாள்.