எலுமிச்சையை நிறுத்திய கால்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் நான் பரிமாறும் சாப்பாட்டுக் கடைக்கு ஒரு மதியம் ஃபிரான்ஸ் ஜெர்சி போட்ட ஆறடி ஆளும் ஒரு பெண்ணும் வந்தார்கள். பெண் ஒல்லி, முழங்காலில் நீளமான தையல் தழும்பு. என் தட்டிலிருந்து உருண்ட எலுமிச்சையைக் குனிந்துகூடப் பார்க்காமல் பாதத்தால் நிறுத்தினார். அந்த ஆளோடு பேசி முடிக்கும்வரை அதை மேசைக்கடியில் உருட்டிக்கொண்டே இருந்தார். கண்ணில் பட்டது, எனக்கு மண்டையில் ஏறவில்லை.

கல்லாவில் இருந்த அக்கா கிசுகிசுத்தார். “அந்த மேசையில ஃபிரான்ஸ் ஃபுட்பால் பிளேயர் லா. உங்க பாப்பாவுக்கு ஒரு போட்டோ எடுத்துக்குங்க.”

என் மகள் பள்ளி அணியில் கோல்கீப்பர். கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். அந்த ஆளின் தோளை ஒட்டி நின்று, போனைப் பெண்ணிடம் நீட்டினேன். அவர் எழுந்து, வெளிச்சம் பார்த்து, பொறுமையாக இரண்டு படம் எடுத்தார்.

“ஆடுறது என் மனைவி. நான் பெட்டி தூக்குறவன்” என்றார் அந்த ஆள் ஆங்கிலத்தில்.

ஒருவழியாக ஸாரி சொன்னேன்.

“பழகிப்போச்சு” என்றார் அந்தப் பெண். “பதினஞ்சு வருஷமா ஆடுறேன். அடுத்த மாசம் நிறுத்தப் போறேன்.”

எந்த முகத்தோடு இன்னொரு படம் கேட்பது?

வீட்டில் மகள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். “இது புருஷன்னா, பிளேயர் எங்கே, அப்பா?”

“அவங்கதான் எடுத்தாங்க.”

அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்தப் படத்தை இன்னும் அழிக்க மனம் வரவில்லை. கொஞ்சமும் அசங்காமல், என் சிரிப்பு தெளிவாகத் தெரியும்படி, அவ்வளவு அக்கறையாக எடுத்திருக்கிறார்.