பள்ளத்தில் தங்கிய ஆறு

கல்யாணமான புதிதில் ஆம்பூரில், பாலாற்றை ஒட்டிய ஒரு தெருவில் குடியிருந்தோம். முன்பக்கம் வீட்டுக்காரப் பாயம்மா, பின்பக்கப் போர்ஷனில் நாங்கள். பின்கதவைத் திறந்தால் ஆறு. ஆறு என்று பேர்தான். மணல் அள்ளிய பள்ளங்களும் அவற்றைச் சுற்றி வேலிகாத்தான் முள்ளும்தான் கண்ணில் படும். என் வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடும் கம்பெனியில் வேலை. நான் ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தேன். இரண்டு பேரும் இருட்டுவதற்குள் திரும்பினால் அன்றைக்கு அதிர்ஷ்டம். அந்தப் பின்கதவை நான் திறந்ததே குறைவு.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை விடவில்லை. ஆந்திரப் பக்கம் ஏரிகளெல்லாம் நிரம்பி வழிகின்றன என்றார்கள். அதே மாதத்தில்தான் எனக்குக் கரு கலைந்தது. ஐந்தாம் மாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து படுத்த மறுநாள் காலை ஆறு வந்தது. லாரிகள் வரிசையாகப் போவதுபோல ஒரு இரைச்சல். ஊரே பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்த்தது. தண்ணீர் எங்கள் பின்படி வரை ஏறி நின்றுவிட்டு, சில நாளில் இறங்கிப் போனது. ஆனால் வீட்டுக்குப் பின்னாலிருந்த பெரிய பள்ளம் மட்டும் விளிம்பு வரை நிறைந்து, குளமாகத் தங்கிவிட்டது. வேரோடு பிடுங்கிவந்த வேலிகாத்தான் மரம் ஒன்று அதன் நடுவில் பாதி முழுகிக் கிடந்தது.

என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதையே கேட்டார்கள். எப்படி ஆச்சு, எதையாவது தூக்கினியா, டாக்டர் என்ன சொன்னார். பாயம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து பின்வாசலில் போட்டு, இங்க கொஞ்சம் காத்து ஜாஸ்தி, உக்காரும்மா என்றார். கம்பெனிக்கும் போகவில்லை, வேறு வேலையும் இல்லாததால் உட்கார்ந்தேன்.

முதலில் கொசுதான் வந்தது. தெருவே பேஜாராகிவிட்டது. பழைய எஞ்சின் ஆயிலை வாங்கிவந்து பள்ளத்தில் ஊற்றிவிடலாம் என்று எதிர்வீட்டு வெல்டிங் பட்டறைக்காரர் தினமும் சத்தம் போட்டார். எல்லாரும் சரி என்றார்கள். யாரும் போய் வாங்கவில்லை. அதற்குள் தண்ணீரில் குட்டி மீன்கள் தெரிய ஆரம்பித்தன. மேலே எங்கோ ஏரி உடைந்து அடித்துவந்த கெண்டைகளாக இருக்கும். கரையோரமெல்லாம் தலைப்பிரட்டைகள். பிறகு தட்டான்கள். மார்கழி பாதியில் கொசு கம்மியாகிவிட்டது. மீனைப் பார்த்து மீன்கொத்தி வந்தது. அதற்குப் பின்னால் மடையான் கொக்குகள், ஒரு தண்ணீர்ப் பாம்பு. விழுந்து கிடந்த முள்மரத்தின் ஒரு கிளை இன்னும் மண்ணைப் பிடித்திருந்தது போல. அதில் பச்சையாகத் துளிர் விட்டது. யாரும் எதையும் கொண்டுவந்து போடவில்லை. ஒவ்வொன்றாக வந்து, தனக்கு வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

தை மாதம் கோழிக்குஞ்சை விடக் கொஞ்சம் பெரிதாக, வால் இல்லாத இரண்டு பறவைகள் வந்தன. தண்ணீருக்குள் மூழ்கினால் நினைத்தே பார்க்காத இடத்தில் தலை காட்டும். அவற்றை முக்குளிப்பான் என்பார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. பாயம்மா சின்ன வாத்து என்றார், நானும் அப்படியே சொன்னேன். அந்த முள்மரக் கிளையில் பாசியையும் அழுகின கோரையையும் மாட்டி, தண்ணீர் மேலேயே மிதக்கிற மாதிரி கூடு கட்டின. முட்டை வைத்த பிறகு, இரை தேடப் போகும்போதெல்லாம் தாய் ஈரப் பாசியை அலகால் இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத்தான் போகும். அவசரத்திலும் மூடும். முதல்முறை அதைப் பார்த்த அன்று நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழவில்லை. சத்தம் கேட்டிருக்கும். பாயம்மா வந்து டீயை ஜன்னல் ஓரமாக வைத்துவிட்டுப் போய்விட்டார்.

குஞ்சு பொரித்ததும் நாலும் தாயின் முதுகில் ஏறிக்கொண்டன. இறக்கைக்குள்ளிருந்து வரிவரியான தலைகள் மட்டும் எட்டிப் பார்க்கும். வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றுதான் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

மாசிக் கடைசியில் காலம் தப்பி ஒரு மழை. மறுநாள் காலை கதவைத் திறக்கும்போதே நாற்றம். ஆற்றின் நடுவே ஓடிக்கொண்டிருந்த ஒல்லியான ஓடையில் கறுப்புத் தண்ணீர் நுரை பொங்க வந்துகொண்டிருந்தது. மழையைச் சாக்காக வைத்து மேலே யாரோ கம்பெனிக் கழிவைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஓடையிலிருந்து எங்கள் பள்ளத்துக்கு ஒரு சின்ன வாய்க்கால் உண்டு. அதன் வழியாக நுரை உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. அந்த மூலையில் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. மேலே பருந்துகள் சுற்ற ஆரம்பித்துவிட்டன. முக்குளிப்பான் குஞ்சுகளோடு எதிர்க்கோடியில் ஒதுங்கியிருந்தது.

என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பி நின்றார். வாய்க்காலை அடைக்கலாம், வாங்க என்றேன். அவர் தண்ணீரையே பார்த்தார்.

"எங்க கம்பெனி தண்ணியாவே இருக்கலாம். நான் போய் யாரை இன்னான்னு கேக்கறது?"

"யாரையும் கேக்க வேணாம். மண்ணு மட்டும் அள்ளிக் குடுங்க."

அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். பாயம்மா தன் வீட்டிலிருந்த அரிசிச் சாக்கு, சிமெண்ட் சாக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டினார். நான் சாக்கைப் பிரித்துப் பிடிக்க, என் வீட்டுக்காரர் மணலை அள்ளிப் போட்டார். இடுப்பில் வலி எடுத்தது, சொல்லவில்லை. பாதி வேலையில் மண்வெட்டியோடு இன்னொருவர் இறங்கினார். பார்த்தால் வெல்டிங் பட்டறைக்காரர். ஆயில் ஊற்றச் சொன்ன அதே ஆள். நீ போய் உக்காரும்மா, நான் பாத்துக்கறேன் என்று சாக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வெயில் ஏறுவதற்குள் வாய்க்கால் அடைபட்டது. என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு அரை நாள் லீவு ஆனது.

பள்ளத்தில் பாதி மீன் செத்தது, பாதி பிழைத்தது. செத்ததைப் பருந்தும் காக்கையும் இரண்டு நாளில் சுத்தம் செய்துவிட்டன. குஞ்சுகளில் இரண்டு காணாமல் போயின. நுரையாலா, பருந்தாலா, பாம்பாலா, தெரியவில்லை. மற்ற இரண்டும் வளர்ந்தன. முதுகில் இடம் போதாமல் தாய் அவற்றை உதறிவிடும். அவை விடாமல் மறுபடி ஏறப் பார்க்கும். சித்திரையில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்தபோது ஒரு காலையில் பெரிய பறவைகளும் குஞ்சுகளுமாக நான்கும் இல்லை. எந்த ஏரிக்குப் போயினவோ.

இப்போது நாங்கள் வேலூரில், லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் இருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். ஆம்பூர்ப் பக்கம் போகிற ரயிலில் ஏறினால், பாலாற்றுப் பாலம் வரும்போது இவர் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்ப்பார். நானும் பார்ப்பேன். பெரும்பாலும் மணல்தான். பாயம்மா இப்போது மகளோடு வேறு ஊரில் இருக்கிறார். போன் செய்தால் இன்னும் அந்தச் சின்ன வாத்தைப் பற்றிப் பேசாமல் வைக்கமாட்டார்.

அன்று ஆம்பூரில், பறவைகள் போன அதே வாரம் நான் வேலைக்குத் திரும்பினேன். மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் லைன் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து, உடம்பு எப்படி இருக்கு என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். நல்லா இருக்கேன் என்றேன். பிறகு, முதுகில் குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு நீந்துகிற அந்தப் பறவையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். தலையை மட்டும் எட்டிப் பார்க்கும் என்று கையால் காட்டினேன். பக்கத்து மெஷின் பெண் வாயில் சோற்றோடு சிரித்தாள். மணி அடிக்கும்வரை நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.