பெயிண்டர் அக்காவின் குல்மோகர்

எங்கள் தெருமுனைப் பட்டறையில் கணவர் டிங்கர், மனைவி பெயிண்டர். நசுங்கிய காரை அவர் தட்டி நிமிர்த்துவார். பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடிப்பது அக்காவின் பொறுப்பு. கல்யாணத்துக்குப் பிறகு அவரிடமே கற்றுக்கொண்டு, சீக்கிரமே அவரை மிஞ்சிவிட்டார். "ஸ்ப்ரே கன்னை என் கையிலேருந்து பிடுங்கிட்டா" என்று அவர் பெருமையாக அலுத்துக்கொள்வார்.

ஒருமுறை நர்சரிக்காரர் ஒருவரின் வேனுக்கு அக்கா அடித்துக்கொடுத்த பச்சை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. விருப்பப்பட்ட செடியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அக்கா கொண்டுவந்தது குல்மோகர் கன்று.

"ஒரு எலுமிச்சையாவது எடுத்துட்டு வரக்கூடாதா? இது காய்ச்சு நாம சாப்பிடப் போறோமா?" என்றார் கணவர்.

"பூக்கும்."

"பூத்து?"

"பாக்கலாம்."

கொட்டகையை ஒட்டியே நட்டார். மரம் கிடுகிடுவென வளர்ந்து தகரக் கூரைக்கு மேல் குடை விரித்தது. கோடை வந்தால் இலையை உதிர்த்துவிட்டுக் கிளை தெரியாமல் சிவந்து நிற்கும். பஸ் டிரைவர்கள்கூட வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

தொல்லையும் அதிலிருந்துதான் ஆரம்பித்தது. சுவரில்லாத கொட்டகை. ஈரப் பெயிண்டில் இதழ் வந்து ஒட்டும், எடுத்தால் தடம் விழும். பூ ஓய்ந்தால் பொடி இலை கொட்டும். அக்கா பழைய படுக்கை விரிப்புகளைத் தைத்துத் திரை கட்டினார். காற்று எழும்புவதற்குள் விடியற்காலையிலேயே கடைசிப் பூச்சை முடிக்கப் பார்த்தார். அப்படியும் ஒரு டாக்சிக்காரரின் வெள்ளைக் காரில், பானெட்டின் நட்டநடுவே ஒரு சிவப்பு இதழ் ஒட்டிக் காய்ந்துவிட்டது.

"ஏம்மா, நான் காரைத்தானே விட்டுட்டுப் போனேன்? பூந்தொட்டியாக்கித் தர்றீங்களே!"

அக்கா பானெட்டை முழுக்கத் தேய்த்து மறுபடி அடித்துக் கொடுத்தார். டாக்சி போனதும் கணவர் பொரிந்து தள்ளினார்.

"எதுக்கும் பிரயோஜனமில்லாத மரம். வெட்டிப் போட்டா நிம்மதி."

அக்கா தின்னரில் ஸ்ப்ரே கன்னைக் கழுவிக்கொண்டே கேட்டார். "நாம அடிக்கிற கலர் மட்டும் எதுக்காம்? அது இல்லேன்னா வண்டி ஓடாதா?"

"துருப் பிடிச்சிடும்ல?"

"துருவுக்கு அடியில பூசற ப்ரைமரே போதும். அதுக்கு மேல அழகுக்குத்தானே அடிக்கிறோம்? அதுலதானே சாப்பிடறோம்?"

கணவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அந்த வருட மழைக்காலத்தில், ஒரு மதியம் அடித்த சூறைக்காற்றில் பெருங்கிளை ஒன்று முறிந்து கூரை மேல் விழுந்தது. கொட்டகை படுத்துவிட்டது. நல்லவேளை, உள்ளே ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. கணவர் கையோடு மரம் வெட்டுபவரைக் கூட்டிவந்தார். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அடியோட எடுத்துடவா?" என்றார்.

அதற்குள் அக்கா மரத்தைச் சுற்றிவந்து தட்டித் தடவிப் பார்த்திருந்தார். "மரம் நல்லாத்தான் இருக்குண்ணே. நீட்டிக்கிட்டு இருக்கிற கிளையை மட்டும் கழிச்சு விடுங்க. கொட்டகை எப்படியும் புதுசாத்தான் போடணும், அதை அந்தக் கோடிக்கு மாத்திக்கறேன்."

"மரத்துக்காகப் பட்டறையை நகத்தறவளை இப்பத்தான் பாக்கறேன்!" என்றார் கணவர்.

"பாத்தாச்சுல்ல? வாங்க, தகரத்தைப் பிடிங்க."

இருவருமாக இழுத்தார்கள். மனையின் மறுகோடியில் நாலு பக்கமும் அடைத்து, கதவும் காற்றை வெளியே தள்ளும் விசிறியும் வைத்து ஓர் அறை எழுந்தது. அக்காவுக்கு வெகுநாள் ஆசை அது. தூசி தும்பு இல்லாததால் வேலை கண்ணாடியாக வந்தது. அந்த டாக்சிக்காரரே இன்னொரு வண்டியோடு திரும்பி வந்தார். தட்டி நிமிர்த்தும் வேலைக்கு இதழ் விழுந்தால் என்ன? கணவர் சுத்தியலோடு மரத்தடிக்குக் குடிபோய்விட்டார்.

போன வாரம் மின்கம்பி இழுக்க வந்தவர்கள் கிளையில் கத்தி வைக்கப் போனார்கள். முதலில் ஓடிவந்தவர் கணவர்தான்.

"கம்பியை எதிர்ப்பக்கமாக் கொண்டு போங்கப்பா. இதுல கை வெக்காதீங்க."

அக்கா முகமூடியைக் கழற்றிவிட்டு அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, வந்தவர்களுக்கும் சேர்த்து டீ போடப் போனார்.